உடைந்த பாண்டம் யாருக்கு?

(சுயமரியாதைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது குப்பையைப் பற்றியாகும். "கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் ஏதாவது சொல்லுவார் என்று வந்தோம், இவர் குப்பையைக் கிளறப் போகிறாரே" என்று தோழர்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையோடு கேட்பீர்களானால், குப்பையைப் பற்றிப் பேசுவதும் ஜாதியைப் பற்றிப் பேசுவதும் வேறு வேறு அல்லவென்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் சொல்லப்போவது வாசலில் கூட்டித் தள்ளுகிற சாதாரணக் குப்பையல்ல. கெட்டுப்போன செல்போன், ஓடாத கம்ப்யூட்டர், படம் தெரியாத டெலிவிஷன், குளிராத பிரிட்ஜ், இவைகளோடு சேர்ந்த வயர், பாட்டரி, சார்ஜர் ஆகிய சாமான்களைப் பற்றிய சங்கதி. இவைகளுக்கெல்லாம் சேர்த்து மின்னணுக் கழிவு என்று இப்பொழுது பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் இவை கெட்டுப்போனால் என்ன செய்கிறோம்? கொஞ்ச நாள் பரண்மேல் போட்டு வைக்கிறோம். பிறகு காயலாங்கடையில் போட்டுவிட்டுக் கொடுத்த காசை வாங்கிக்கொள்ளுகிறோம். சிறுபிள்ளையில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவர்கள்தானே நாம்? பழத்தைத் தின்றோமே ஒழிய, நாம் போட்ட சாமான் எங்கே போயிற்று, யார் கைக்குப் போயிற்று, அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நாளாவது கேட்டோமா? அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கலாமென்று வந்திருக்கிறேன்.

எவ்வளவு குப்பை?

2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று அய்க்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த ஸ்தாபனங்கள் 2024-இல் கணக்குக் கொடுத்திருக்கின்றன. நாற்பது டன் ஏற்றும் லாரிகளில் இதை ஏற்றினால் 15 லட்சத்து 50 ஆயிரம் லாரிகள் வேண்டும். 2030-இல் இது 8 கோடியே 20 லட்சம் டன் ஆகுமென்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவிலும் முறைப்படி சேகரித்து, கணக்கில் வைத்து, மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவந்தது நூற்றுக்கு 22 பங்குதான். மற்றதில் பெரும்பகுதி மண்ணில் புதைந்தது, தெருவோரத்தில் எரிந்தது, இல்லாவிட்டால் ஏழைகளின் வெறுங்கைகளில் உடைபட்டது.

இந்தக் குப்பையை யார் போடுகிறார்கள்? அய்ரோப்பாவில் தலைக்கு வருஷம் 17.6 கிலோ. ஆப்பிரிக்காவில் தலைக்கு 2.5 கிலோ. அப்படியிருக்க, இந்தக் குப்பையின் புகையைப் படமெடுத்துப் பத்திரிகையில் போடுகிறபோது மாத்திரம் அதில் தெரிகிற முகம் ஆப்பிரிக்கன் முகமாகவும், சீனக் குடியானவன் முகமாகவும், நம் தேசத்து ஏழையின் முகமாகவும் இருப்பானேன்? யோசித்துப் பாருங்கள்.

பூசை ஒருநாள், புகை மறுநாள்

நம் தேசம் குப்பை போடுவதில் இளைத்ததல்ல. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடி மூன்றாவது இடம் நமக்குத்தான். இந்தப் பெருமையோடு நமக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஆயுத பூஜை என்று வருஷத்துக்கு ஒருநாள் கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் கொளுத்திக் கும்பிடுகிறோம். படித்த பட்டதாரிகள்தான் கும்பிடுகிறார்கள். அதே கம்ப்யூட்டர் கெட்டுப்போன அன்றைக்கு அதன் கதி என்ன? கும்பிட்ட கை அதைத் தொட விரும்புவதில்லை. வேறொருவன் வந்து தூக்கவேண்டும், வேறொருவன் உடைக்கவேண்டும், வேறொருவன் எரிக்கவேண்டும். சரஸ்வதி என்று சொல்லி வைத்த பொட்டு காய்வதற்குள் அதைப் பொசுக்குகிற பையன் பள்ளிக்கூடத்து வாசலைப் பார்த்ததில்லை. இந்தப் பூசை யாருக்குக் கல்வி கொடுத்தது என்று நான் கேட்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்தச் சாமான்களுக்குள்ளே பொன்னும் இருக்கிறது, நஞ்சும் இருக்கிறது. ஒரு டன் பழைய செல்போனில் சுமார் 300 கிராம் தங்கம் கிடைக்கும். தங்கச் சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் கிடைப்பதே பெரிது. செம்பு, வெள்ளி, பல்லேடியம் என்று இன்னும் பலவும் உண்டு. 2022-ஆம் வருஷத்துக் கழிவிலிருந்த உலோகத்தின் விலை மட்டும் 9,100 கோடி டாலர் என்று அதே அறிக்கை சொல்லுகிறது.

இனி நஞ்சைப் பாருங்கள். பழைய பெரிய டெலிவிஷனின் கண்ணாடிக் குழாயில் ஒரு கிலோவுக்கு மேலும் ஈயம் உண்டு. போர்டுகளில் பற்றவைத்த ஈயம், சில விளக்குகளில் பாதரசம், சில பாட்டரிகளில் காட்மியம். வயர்மேல் இருக்கிற பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. உள்ளே இருக்கிற செம்பே அது அதிகமாக உண்டாவதற்குத் துணைசெய்கிறது.

இப்பொழுது சூட்சுமம் விளங்குகிறதல்லவா? பொன்னும் நஞ்சும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பொன்னை எடுக்கவேண்டுமானால் நஞ்சைத் தொட்டாகவேண்டும். பொன் ஒருவனுக்கும் நஞ்சு வேறொருவனுக்குமாகப் பங்கிடப்படுகிறது. இந்தப் பங்கீட்டைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

குய்யூவின் குழந்தைகள்

சீன தேசத்தில், குவாங்டாங் மாகாணத்தில், குய்யூ என்று ஒரு ஊர். நெல் விளைந்த ஊர். 1990-களில் வெளிதேசத்துப் பழைய கம்ப்யூட்டர்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்க ஆரம்பித்தன. வெளி மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்த ஆண்களும் பெண்களும் கரியடுப்பின்மேல் போர்டை வைத்து, தோசை சுடுவதுபோலச் சுட்டு, உருகிய ஈயத்தை வடித்து, சில்லுகளைப் பிடுங்கினார்கள். பிறகு ஆற்றங்கரையில் திராவகத் தொட்டியில் போட்டுத் தங்கம் எடுத்தார்கள். மிஞ்சிய திராவகம் ஆற்றில் போயிற்று. சில வருஷங்களில் குடிக்கிற தண்ணீரை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவரும்படி ஆயிற்று.

2007-இல் சாந்தோவ் சர்வகலாசாலை வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குய்யூவில் ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில், 135 குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அன்று அபாயமென்று வைத்திருந்த அளவைத் தாண்டியிருந்தது. அந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் அதே சோதனை செய்தபோது நூற்றுக்கு 38 பேருக்குத்தான் அப்படி இருந்தது. ஈயத்தில் இவ்வளவு இருந்தால் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் இன்றைய அபிப்பிராயம்.

ஈயம் குழந்தைகளை என்ன செய்கிறது? மூளையைக் கெடுக்கிறது. படிப்பு ஏறாமல் செய்கிறது. ஒரு நிலையில் நின்று யோசிக்கிற சக்தியைக் குறைக்கிறது. ஒருமுறை கெட்டது திரும்பி வருவதில்லை.

சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றவேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுகிறது. நாம் எத்தனையோ மேடைகளில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறோம். எதிரிகள், "அதெல்லாம் பழைய ஏட்டில் கிடக்கிறது, இப்பொழுது யார் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்பார்கள். இந்த 135 குழந்தைகளைக் காட்டுங்கள், தோழர்களே! காதில் ஊற்றினாலாவது கேட்டவனுக்கு மட்டும் தண்டனை. இங்கே எதையும் கேட்காத, பேசவும் தெரியாத குழந்தையின் இரத்தத்திலேயே ஈயம் ஊற்றப்பட்டிருக்கிறது. பகுத்தறிவு வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிறவர்கள் நாம். பகுத்தறிகிற கருவியையே தொட்டிலில் வைத்துக் கெடுக்கிற காரியத்தைப் பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

அக்ராவின் புகை

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசத்தின் தலைநகர் அக்ரா. அங்கே கோர்லே உப்பங்கழிக் கரையில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் பெரிய காயலாங்கடைச் சந்தை இருந்தது. அந்தத் தேசத்தின் வடபகுதியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த வாலிபர்கள் வயர்ச் சுருளைக் குவித்து, பழைய டயரையும் பிரிட்ஜுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சையும் போட்டு எரித்து, சாம்பலிலிருந்து செம்பைப் பொறுக்கி விற்றார்கள். அந்த மண்ணில் மேய்ந்த கோழியின் முட்டையை எடுத்துச் சோதித்து 2019-இல் ஒரு அறிக்கை வந்தது. அந்த முட்டையில் ஒன்றைத் தின்றால், ஒரு மனிதன் ஒரு நாளைக்குத் தாங்கலாமென்று அய்ரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் வகுத்த டயாக்ஸின் அளவுக்கு 220 மடங்கு உடம்பில் சேருமாம். ஏழைக்கு அகப்படுகிற சத்துணவு முட்டை ஒன்றுதான். அதிலும் நஞ்சு.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்ராவில் எரிந்தது எல்லாம் வெளிதேசத்திலிருந்து நேரே வந்த குப்பையல்ல. அந்த ஊரார் பழைய சாமானாக வாங்கி, பழுதுபார்த்து, சில வருஷம் உபயோகித்துக் கழித்ததும் அதில் நிறைய உண்டு. பழுதுபார்ப்பதில் அந்த ஊர்த் தொழிலாளிகள் வெகு கெட்டிக்காரர்கள். நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி, மற்றதை மறைத்தால் நமக்கும் புராணப் பிரசங்கிக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

ஆனால் வெளியிலிருந்து வருகிற வழியையும் பாருங்கள். நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகங்களில் 2015, 2016 வருஷங்களில் ஆட்கள் நின்று எண்ணிப் பார்த்தார்கள். வருஷத்துக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்சாதனங்கள் வந்து இறங்கின. ஏறக்குறைய முக்கால் பங்கு அய்ரோப்பிய யூனியன் தேசங்களிலிருந்து. பெரும்பாலானவை பழைய மோட்டார் கார்களுக்குள்ளே திணித்து வைக்கப்பட்டு வந்தன. சோதித்ததில் அய்ந்தில் ஒன்றுபோல வேலையே செய்யவில்லை. அனுப்புகிறவன் குப்பையென்று சீட்டு எழுதுவதில்லை. "உபயோகித்த சாமான்" என்றும், சில சமயங்களில் "தருமம்" என்றும் எழுதுகிறான். செத்த மாட்டைத் தானம் கொடுத்துவிட்டுக் கோதானம் என்று புண்ணியக் கணக்கு எழுதிக்கொள்வதுபோல!

பழைய மனுவும் புதிய மனுவும்

மனுதர்ம சாஸ்திரம் பத்தாவது அத்தியாயத்தில் சண்டாளர்களுக்கு வாழ்க்கை வகுத்திருக்கிறான். ஊருக்கு வெளியே குடியிருக்கவேண்டும். பிணத்தின் துணியை உடுக்கவேண்டும். உடைந்த பாண்டத்தில் உண்ணவேண்டும். இதுதான் அந்தத் தர்மத்தின் சாரம். நல்ல பாண்டம் ஒருவனுக்கு, அது உடைந்தபிறகு மற்றொருவனுக்கு. நல்ல பாண்டம் இருக்கிறவரையில் உனக்கு அதில் பாத்தியதை இல்லை. உடைந்தபிறகு அதைத் தவிர வேறொன்றிலும் உனக்குப் பாத்தியதை இல்லை.

குய்யூவிலும் அக்ராவிலும் நடந்தது இதுவல்லாமல் வேறென்ன? புதுக் கம்ப்யூட்டர் ஒரு தேசத்துக்கு, உடைந்த கம்ப்யூட்டர் மற்றொரு தேசத்துக்கு. ஊருக்கு வெளியே சேரி என்பதுபோல, உலகத்துக்கு வெளியே சில ஊர்கள்.

இதற்குப் புதிய மனுக்களும் கிடைத்தார்கள். 1991-ஆம் வருஷம் டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் என்பவரின் கையெழுத்தோடு ஓர் உள்குறிப்பு எழுதப்பட்டு, பிறகு வெளியே வந்துவிட்டது. நச்சுக்குப்பையைக் கூலி குறைந்த தேசத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது பொருளாதாரக் கணக்கின்படி குற்றம் சொல்லமுடியாத காரியம் என்ற கருத்து அதில் இருந்தது. ஏனென்றால், கூலி குறைந்தவன் நோயாய்ப் படுத்தால் நஷ்டமும் குறைவாம்! விஷயம் வெளியானதும், அது வேடிக்கையாகவும் குத்தலாகவும் எழுதினது என்று சமாதானம் சொன்னார்கள். வேடிக்கையாகவே இருக்கட்டும். அவர் எழுதினது வேடிக்கை, கப்பல்கள் செய்தது நிஜம். மனுவாவது கடவுள்மேல் பழியைப் போட்டான். இவர்கள் கணக்கின்மேல் போடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிழைப்பு என்ற வாதம்

இதைச் சொன்னால் ஒரு கூட்டத்தார், "அவர்களுக்கு அது பிழைப்பு அல்லவா? அதையும் எடுத்துவிட்டால் பட்டினி கிடக்கமாட்டார்களா?" என்று வெகு இரக்கத்தோடு கேட்பார்கள். மலக்கூடையை ஒரு ஜாதியின் தலையில் வைத்தவர்களும் இதே இரக்கத்தோடுதான் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிழைப்பு வேண்டியது வாஸ்தவம். நஞ்சு வேண்டுமென்று எந்தத் தொழிலாளி கேட்டான்? குப்பை சம்பந்தமான முறைசாராத் தொழிலில் உலகமெங்கும் 1 கோடியே 29 லட்சம் வரையில் பெண்கள் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் சொல்லிற்று. அவர்களில் கர்ப்பிணிகள் உண்டு, பால் கொடுக்கிற தாய்மார் உண்டு. அவர்கள் வேலையைப் பிடுங்கு என்று நாம் சொல்லவில்லை. வேலையில் இருக்கிற நஞ்சைப் பிடுங்கு என்கிறோம்.

இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்த வினையைப் பாருங்கள். 2021-ஆம் வருஷம் ஜூலை மாதம் கானா சர்க்கார் அக்போக்புளோஷிச் சந்தையை இடித்துத் தள்ளிற்று. கொட்டகை போயிற்று. தொழில் போயிற்றா? பக்கத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் வேறு இடங்களுக்கும் சிதறிப் போய் நடந்தது. சேரியைக் கொளுத்தினால் தீண்டாமை ஒழிந்துவிடுமா? வயரை எரிக்காமல் உரிக்கிற இயந்திரத்தைக் கொடு. எரித்த செம்பைவிட எரிக்காத வயருக்கு அதிக விலை கொடு. பிறகு எந்த முட்டாள் புகையில் நிற்பான்?

இன்னொரு கூட்டத்தார், "அவரவர் தலையெழுத்து, பூர்வஜன்ம பலன்" என்பார்கள். குய்யூவுக்குக் குப்பை வந்தது எந்த ஜன்மத்து வினையாலும் அல்ல. கூலி குறைவு, சட்டம் தளர்வு, கப்பல் கூலி மலிவு என்ற மூன்று வினையால்தான் வந்தது. சீன சர்க்கார் இறக்குமதியைத் தடுத்து, 2015-இன் கடைசியில் வீட்டுப் பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் மாற்றிற்று. 2021 முதல் வெளிதேசத்துத் திடக்கழிவு எதுவும் உள்ளே வரக்கூடாதென்று கதவைச் சாத்திற்று. தலையெழுத்தாக இருந்தால் சர்க்கார் உத்தரவால் அழியுமா?

குற்றம் விஞ்ஞானத்தினுடையதா?

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதையை! பழைய காலத்தில் மண்சட்டியும் ஓலைச்சுவடியும் இருந்தபோது இந்த வம்பு உண்டா?" என்று பழமைப் பித்தர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர்கள் இதைச் சொல்லுவதும் செல்போனில்தான்!

விஞ்ஞானம் வழி சொல்லாமல் இல்லை. பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற இடத்திலுள்ள உலையில் போர்டுகளைப் போட்டு உருக்கி, புகையைப் பிடித்துச் சுத்தம் செய்து, 17 வகை உலோகங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஜப்பானில் 2017 முதல் 2019 வரையில் ஜனங்களிடம் சுமார் 79,000 டன் பழைய சிறு சாதனங்களும், அவற்றில் 62 லட்சம் செல்போன்களும் சேகரித்து, 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் எடுத்தார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தின் ஏறக்குறைய 5,000 பதக்கங்களையும் அதைக்கொண்டே செய்துவிட்டார்கள். எந்தக் குழந்தையும் திராவகத்தில் கைவைக்காமல் வந்த தங்கம் அது.

அங்கெல்லாம் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹோபோக்கன் ஆலைக்குப் பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்திலும் 2020-இல் ஈயம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் என்ன நடந்தது? வழக்கமாக அளந்துகொண்டே இருந்ததால் தெரிந்தது. தெரிந்தவுடனே கம்பெனி பணம் ஒதுக்கி, ஆலையை ஒட்டிய வீடுகளை விலைக்கு வாங்கி, நடுவில் இடம் விடுவதற்கு ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. குய்யூவுக்கும் ஹோபோக்கனுக்கும் ஈயத்தில் வித்தியாசம் இல்லை. குழந்தைக்கு வைத்த விலையில்தான் வித்தியாசம்.

குற்றம் இலாபத்தினுடையது. 1924-ஆம் வருஷம் உலகத்தின் பெரிய மின்விளக்கு முதலாளிகள் ஜினீவாவில் கூடி, போபஸ் என்ற பெயரால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1,500, 2,000 மணி நேரம் எரிந்த விளக்கை ஆயிரம் மணிக்குமேல் எரியாமல் செய்வதென்றும், அதற்குமேல் எரிகிற விளக்கு செய்தவனுக்கு அபராதம் போடுவதென்றும் முடிவு செய்தார்கள். நல்ல சாமான் செய்ததற்கு அபராதம்! இன்றைக்குப் பாட்டரியைக் கழற்றமுடியாமல் ஒட்டிவிடுவதும், உதிரிப்பாகம் கொடுக்காமல் இருப்பதும் அதன் பேரன் பேத்திகள்தான். அய்ரோப்பாவில் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு சட்டம் வகுத்திருக்கிறார்கள். சாமான் வாங்கினவனுக்கு அதைத் திறந்து பார்க்க உரிமை வேண்டுமென்று சட்டம் போடவேண்டிய நிலைமை வந்திருக்கிறது. வேதத்தைத் திறக்கக்கூடாது என்ற கதைதான் இங்கும்!

சட்டம் என்ன சொல்லுகிறது?

1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பைச் சாம்பலை ஏற்றிக்கொண்டு கியான் ஸீ என்ற கப்பல் புறப்பட்டது. எந்தத் தேசமும் இறக்கவிடவில்லை. 1988 ஆரம்பத்தில் ஹெய்த்தி தேசத்துக் கரையில், உரம் என்று சொல்லி, சுமார் 4,000 டன்னைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. மிச்சத்தைக் கடலில் தள்ளிற்று. அதே வருஷம் நைஜீரியாவில் கோக்கோ என்ற ஊரில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுப் பீப்பாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன. உலகம் கூச்சலிட்டது. 1989-இல் சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டது. கேட்டுச் சம்மதம் வாங்காமல் நச்சுக்குப்பையை வேறு தேசத்துக்கு அனுப்பக்கூடாது என்பது அதன் தத்துவம். பணக்கார தேசங்கள் ஏழைத் தேசங்களுக்கு நச்சுக்குப்பையை அனுப்பவே கூடாது என்ற திருத்தம் 1995-இல் தீர்மானமாகி, அமுலுக்கு வந்தது 2019 டிசம்பரில். தீர்மானத்துக்கும் அமுலுக்கும் நடுவே 24 வருஷம்! நஞ்சு உள்ளது, இல்லாதது என்று ஏமாற்றமுடியாமல், எல்லா மின்னணுக் கழிவுக்கும் முன்சம்மதம் வேண்டுமென்ற விதி 2025 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்திருக்கிறது. இந்த ஒப்பந்தத்தில் அமெரிக்கா 1990-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் அதை ஊர்ஜிதம் செய்யவில்லை.

ஹெய்த்தியில் கொட்டின சாம்பலின் கதையை முடித்துவிடுகிறேன். கறுப்பு மக்கள் பன்னிரண்டு வருஷம் விடாமல் கேட்டதன் பலனாக 2000-இல் அது அள்ளப்பட்டுத் திரும்பக் கப்பலேறி, 2002-இல் பென்சில்வேனியா மாகாணத்திலேயே, புறப்பட்ட வீட்டிலேயே, புதைக்கப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நம் தேசத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. சாமானைச் செய்து விற்கிறவனே அது கெட்டபிறகு அதைத் திரும்ப எடுத்து முறைப்படி அழிக்கவோ பிரிக்கவோ பொறுப்பாளி என்ற விதி 2012 மே மாதம் முதல் இருக்கிறது. 2016-இல் திருத்தினார்கள். புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடக்கின்றன. சட்டம் டெல்லியில்தான் இருக்கிறது. டெல்லியிலேயே சீலம்பூரில் சந்துகளில் உட்கார்ந்து சுத்தியால் உடைக்கிறார்கள். மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் போர்டை எரித்துச் சாம்பலைச் சலித்திருக்கிறார்கள். யார் செய்கிறார்கள்? ஏழை முஸ்லிம்களும், தாழ்த்தப்பட்டவர்களும், ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்களுமே. எந்த அக்கிரகாரத்துத் திண்ணையிலாவது போர்டு எரிகிறதா? வெளிதேசம் நமக்கு அனுப்புகிறது என்று குறை சொல்லுகிற நாம், நம் ஊருக்குள்ளேயே ஓர் ஆப்பிரிக்காவை வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

நாம் செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே, நான் சொல்லுவது இதுதான். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான் என்பதற்காகப் புதுச் செல்போன் வாங்காதீர்கள். அது நகைப் பித்தைப் போன்ற ஒரு பித்து. கெட்டதைப் பழுதுபார்க்கிறவனிடம் கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் அந்தத் தொழில் தெரிந்த வாலிபனை ஆதரியுங்கள். முடியாது என்று ஆகிவிட்டால், விற்ற கடைக்காரரிடமும் கம்பெனியிடமும் போய், "சட்டப்படி நீ திரும்ப வாங்கவேண்டும், எங்கே உன் ஏற்பாடு?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பான். நூறு பேர் கேட்டால் ஏற்பாடு செய்வான். முனிசிபாலிட்டியிலும் பஞ்சாயத்திலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். உடைக்கிற தொழிலாளிகளை விரட்டாமல், அவர்களுக்குச் சங்கமும், கையுறையும், இயந்திரமும், நியாயமான கூலியும், அவர்கள் பிள்ளைகளுக்கு இரத்தச் சோதனையும் பள்ளிக்கூடமும் வேண்டுமென்று கேளுங்கள். ஆயுத பூஜைக்குச் செலவழிக்கிற காசில் ஒரு ஜோடி கையுறை வாங்கிக் காயலாங்கடையில் வேலை செய்கிற பையனுக்குக் கொடுங்கள். ஆயுதத்துக்குச் செய்கிற மரியாதை ஆயுதத்தைத் தொடுகிற கைக்குப் போகட்டும்.

நல்ல பாண்டத்தில் உண்டவன் எவனோ, அவனே உடைந்த பாண்டத்துக்கும் பொறுப்பாளி. இது ஒரு வீட்டுக்கும் நியாயம், ஓர் ஊருக்கும் நியாயம், உலகத்துக்கும் நியாயம். இந்த நியாயம் ஒப்புக்கொள்ளப்படுகிறவரையில், ஜாதி ஒழிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது கப்பலேறி ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் பரண்மேல் கிடக்கிற பழைய சாமானை ஒருமுறை பாருங்கள். அது யார் கைக்குப் போகப்போகிறது என்று யோசியுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.